மஞ்சள் கடுதாசியும் வீட்டுக் கடனும்

"மஞ்சக் கடுதாசி குடுத்துட்டானாம்" என்று யாரைப் பற்றியாவது ஊரில் ஒரு பேச்சு கிளம்பினால் போதும், அதற்கப்புறம் அந்த ஆள் ஒரு கல்யாண வீட்டுக்குக்கூட நிம்மதியாகப் போய்வர முடியாது. ஐ.பி. போட்டான், திவால் ஆனான், மஞ்சள் நோட்டீஸ் விட்டான்... பெயர்தான் வேறு வேறு, முகச்சுளிப்பு ஒன்றுதான். எனக்கு இதில் உறுத்துவது என்னவென்றால், வீட்டுக் கடன் தவணை கட்ட முடியாமல் தவிக்கிற மனிதர்கள் இந்தப் பேச்சுக்குப் பயந்தே கடைசி நிமிஷம் வரை வாயைத் திறப்பதில்லை. ஆனால் அவர்கள் பயப்படுகிற மஞ்சள் கடுதாசிக்கும் அவர்கள் வீடு ஏலத்துக்குப் போவதற்கும் ஏறக்குறைய சம்பந்தமே இல்லை. அது வீட்டைப் பறிப்பதும் இல்லை, காப்பாற்றுவதும் இல்லை. வீட்டை எடுத்துக்கொண்டு போவது வேறு ஒரு சட்டம்.

(கொஞ்சம் நீளமாகத்தான் வரும் போலிருக்கிறது. உங்கள் வீட்டில் யார் பெயரிலாவது ஹவுசிங் லோன் ஓடிக்கொண்டிருந்தால் பொறுமையாகப் படியுங்கள்.)

முதலில் மஞ்சள் கடுதாசியை முடித்துவிடுவோம். ஐ.பி. என்றால் இன்சால்வென்சி பெட்டிஷன். சென்னை, மும்பை, கொல்கத்தா மூன்று நகரங்களுக்கு 1909-ஆம் வருஷத்துச் சட்டம், மற்ற ஊர்களுக்கு 1920-ஆம் வருஷத்து மாகாண நொடிப்புச் சட்டம். வெள்ளைக்காரன் போட்டுவிட்டுப் போனதுதான், இன்றும் ஓடுகிறது. 1920 சட்டத்தின்படி மொத்தக் கடன் 500 ரூபாய் இருந்தாலே மனுப் போடலாம்! 500 ரூபாயில் இன்று ஒரு குடும்பம் ஓட்டலில் டிபன் சாப்பிட்டு வர முடியுமா என்பது சந்தேகம். மனு ஏற்கப்பட்டால் உங்கள் சொத்து நீதிமன்றத்தின் பிடிக்குப் போகும், கடன் கொடுத்தவர்களுக்குப் பங்கிடப்படும், பிறகு ஒருநாள் நீதிமன்றம் உங்களை விடுவிக்கும். கைமாற்று, புரோ நோட்டு, சீட்டுப் பாக்கி மாதிரியான கடன்களுக்கு இதனால் மூச்சு விட நேரம் கிடைக்கலாம். ஆனால் அதே சட்டத்தின் 28-ஆவது பிரிவில், சொத்தை அடமானமாகப் பிடித்துக் கடன் கொடுத்தவரின் உரிமையை இது எதுவும் பாதிக்காது என்று எழுதியிருக்கிறது. அதாவது வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்து வாங்கிய கடனைப் பொறுத்தவரை ஐ.பி. போட்டாலும் ஒன்றுதான், போடாவிட்டாலும் ஒன்றுதான்.

வீட்டை எடுக்கிற சட்டத்தின் பெயர் சர்ஃபாசி. 2002-இல் வந்தது. அதற்கு முன்பு வங்கி அடமானச் சொத்தை விற்க வேண்டும் என்றால் வழக்குப் போட வேண்டும். தாத்தா காலத்தில் போட்ட வழக்குக்குப் பேரன் காலத்தில் தீர்ப்பு வரும். பெரிய பெரிய ஆலை முதலாளிகள் கோடிக்கணக்கில் கடன் வாங்கிவிட்டு, கோர்ட் படியைக் கேடயமாக வைத்துக்கொண்டு ஜாலியாக இருந்தார்கள் என்பது வங்கிகளின் புகார். நியாயமான புகார்தான். அதற்கு மருந்தாகத்தான் நீதிமன்றத்துக்குப் போகாமலேயே வங்கி தானே சொத்தைக் கையகப்படுத்தி விற்கலாம் என்று சட்டம் போட்டார்கள். முதலாளிக்காகப் பின்னிய வலையில் மாதச் சம்பளக்காரரும் சேர்ந்தே விழுந்தார். வங்கி மட்டும் இல்லை, வீட்டுக் கடன் கம்பெனிகளுக்கும் இந்த அதிகாரம் உண்டு. தமிழ்ப் பேப்பரைப் பிரித்தால் பொடி எழுத்தில், பெயர் விலாசம் நான்கு எல்லையோடு பக்கம் பக்கமாக வருகிறதே, உடைமை அறிவிப்பு, ஏல அறிவிப்பு என்று, எல்லாம் இந்தச் சட்டத்தின் கைங்கரியம். முன்பு தண்டோரா போட்டு ஜப்தி செய்தார்கள், இப்போது பேப்பரில் போடுகிறார்கள்.

இந்தச் சட்டம் அடுத்தடுத்துக் கதவுகளை மூடிக்கொண்டே போகிறது. எந்தக் கதவு எப்போது மூடும் என்று தெரிந்தவருக்கு நேரம் இருக்கிறது, தெரியாதவருக்கு இல்லை.

தவணை நின்று 90 நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடன் ஆகிறது. அதன் பிறகு 13(2) பிரிவின் கீழ் ஒரு நோட்டீஸ் வரும், 60 நாளில் முழுக் கடனையும் கட்டு என்று. பாக்கித் தவணையை இல்லை, முழுக் கடனையும். அந்த 60 நாளும் போனால் 13(4)-இன் கீழ் வங்கி வீட்டை உடைமை எடுக்கலாம். முதலில் பெரும்பாலும் காகிதத்தில், அதாவது கதவில் ஒட்டி, இரண்டு பேப்பரில் போட்டு (அதில் ஒன்று வட்டார மொழியில் இருக்க வேண்டும்). நேரில் ஆளை வெளியேற்ற வேண்டும் என்றால் மாவட்ட ஆட்சியரிடமோ மாஜிஸ்திரேட்டிடமோ 14-ஆவது பிரிவில் உத்தரவு வாங்கிக்கொண்டு போலீசோடு வருவார்கள். பிறகு மதிப்பீடு, குறைந்தபட்ச விலை, 30 நாள் அறிவிப்பு, ஏலம்.

இதில் மிகப் பெரிய கதவு, யாருமே கண்டுகொள்ளாத கதவு, முதல் 90 நாள்தான். இன்னும் சொன்னால் அதற்கும் முன்னால். ஒரு சின்னக் கணக்கு. 30 லட்சம் கடன், 20 வருஷம், 7 சதவீத வட்டி. மாதத் தவணை சுமார் 23,259 ரூபாய். 2022 மே மாதத்திலிருந்து 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை 4-இலிருந்து 6.5 சதவீதம் ஆக்கியது. அந்த இரண்டரை சதவீதம் அப்படியே உங்கள் தலையில் இறங்கினால் வட்டி 9.5. அப்போது 30 லட்சத்துக்கு ஒரு மாத வட்டி மட்டுமே 23,750. பழைய தவணையையே கட்டிக்கொண்டிருந்தால் வட்டிக்கே 491 ரூபாய் குறைகிறது, அசலில் ஒரு பைசா கழியவில்லை. மாதம் தவறாமல் கட்டுகிற மனிதருடைய கடன் மாதா மாதம் ஏறுகிறது! சரி, அதே 20 வருஷத்தில் முடிக்க வேண்டும் என்றால் தவணை சுமார் 27,964. மாதம் 4,700 ரூபாய் கூடுதல். சம்பளம் அப்படி ஏறியதா?

2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி இதற்கு ஒரு சுற்றறிக்கை விட்டது. வட்டி மாறும்போது கடன்காரரிடம் சொல்ல வேண்டும், தவணையைக் கூட்டுவதா காலத்தை நீட்டுவதா இரண்டும் சேர்த்தா என்று தேர்ந்தெடுக்க விட வேண்டும், தவணை வட்டிக்கே போதாத நிலை வரக்கூடாது என்று. இதெல்லாம் நீங்கள் போய்க் கேட்டால் கிடைப்பது. கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர் உங்கள் வீடு தேடி வந்து சொல்லமாட்டார். வேலை போய்விட்டது, உடம்புக்கு முடியவில்லை, ஆறு மாதம் தவணையைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்பதற்கான நேரமும் இதுதான். கணக்கு வாராக்கடன் ஆகாதவரை மேனேஜருக்கும் அதைக் காப்பாற்றுவதில் அக்கறை இருக்கும். ஆனபின் அந்தக் கோப்பு அவர் மேஜையைவிட்டே போய்விடும், அப்புறம் உங்களோடு பேசுகிறவர் வசூல் பிரிவுக்காரர். (அந்த ஏஜெண்ட்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் போன் செய்யக்கூடாது என்று 2022-இல் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. இதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.)

நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? இந்த நேரத்தில்தான் எல்லாவற்றையும் மறைக்கிறார்கள். முதல் மாதத் தவணைக்கு நகை அடகுக்குப் போகிறது. அடுத்ததற்குச் சீட்டைத் தள்ளி எடுக்கிறார்கள். அதற்கடுத்து மச்சானிடம் கைமாற்று, பிறகு மீட்டர் வட்டி. ஒன்பது சதவீதக் கடனைக் கட்டுவதற்கு மாதம் ஐந்து சதவீதத்தில், அதாவது வருஷத்துக்கு அறுபது சதவீதத்தில், கடன் வாங்குகிறோம். கந்துவட்டிக்குத் தடைச் சட்டம் 2003-லேயே தமிழ்நாட்டில் வந்துவிட்டது, ஆனாலும் வாங்குகிறோம், ஏன்? கந்துவட்டிக்காரர் யாரிடமும் சொல்லமாட்டார் (கட்டும் வரை), வங்கி பேப்பரில் போட்டுவிடும். மானத்துக்கு நாம் கொடுக்கிற வட்டி அது. அதோடு அந்த நகைகள் எல்லாம் வீட்டுக்காரம்மாவுடையவை என்பதையும், தவணைப் பாக்கி விஷயம் பல வீடுகளில் அவருக்குத்தான் கடைசியாகத் தெரிய வருகிறது என்பதையும் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

என்னுடைய அபிப்பிராயம் இதுதான்: கட்டவே முடியாது என்று தெரிந்துவிட்டால், வங்கி விற்கும் முன் நீங்களே விற்றுவிடுங்கள். "பத்திரம் பேங்கில் இருக்கும்போது எப்படி விற்பது?" என்று பலர் கேட்கிறார்கள். தாராளமாக விற்கலாம். வங்கியிடம் பாக்கி எவ்வளவு என்று கடிதமும், அவர்களிடம் இருக்கும் ஆவணங்களின் பட்டியலும் கேட்டு வாங்குங்கள். வாங்குகிறவர் தானும் வீட்டுக் கடன் போட்டால் அவருடைய வங்கி உங்கள் வங்கிக்கே நேராகப் பணத்தைக் கட்டிப் பத்திரத்தை வாங்கிக்கொள்ளும். மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைத்தால் தனிநபரிடம் வங்கிகள் அபராதம் வாங்கக்கூடாது என்பது 2012-லிருந்தே விதி. (இப்படி நாமே முன்கூட்டி அடைப்பதற்கு நம் ஊர் வங்கியில் ஃபோர்க்ளோஷர் என்று பெயர். அமெரிக்காவில் அதே சொல்லுக்கு வங்கி வீட்டைப் பறிப்பது என்று அர்த்தம். ஒரே சொல், அங்கே அழுகை, இங்கே பாயசம்!)

ஆனால் இந்தக் கதவுக்கும் தாழ்ப்பாள் இருக்கிறது. 13(2) நோட்டீஸ் கைக்கு வந்துவிட்டால், அதற்குப் பிறகு வங்கியின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்கிறது 13(13). அதனால்தான் சீக்கிரம், சீக்கிரம் என்று அடித்துக்கொள்கிறேன்.

நீங்கள் விற்பதற்கும் அவர்கள் விற்பதற்கும் என்ன வித்தியாசம்? ஒரு பேச்சுக்கு 60 லட்சம் பெறுமான வீடு, 38 லட்சம் பாக்கி என்று வைத்துக்கொள்வோம். அவசரத்தில் 54-க்கு நீங்களே தள்ளிவிட்டாலும் கையில் 16 லட்சம் நிற்கும். வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துப் பிள்ளைகள் படிப்பையும் பார்த்துக்கொள்ளலாம். வங்கி ஏலத்தில் வாங்க வருகிறவர் உள்ளே ஆள் இருக்கிறார்களா, கேஸ் இருக்கிறதா என்று பயந்து பயந்துதான் விலை கேட்பார். முதல் ஏலத்தில் ஆள் வராவிட்டால் விலையைக் குறைத்து மறு ஏலம். 44-க்குப் போகிறது, அதற்குள் வட்டியும் செலவும் சேர்ந்து பாக்கி 44 ஆகியிருக்கிறது என்றால் உங்களுக்கு மிஞ்சுவது சாவிக்கொத்து. (சட்டப்படி மீதிப் பணம் இருந்தால் உங்களிடம் திருப்பித் தரத்தான் வேண்டும். ஏலப் பணம் கடனுக்குப் போதாவிட்டால் குறைகிற தொகைக்கு உங்கள் மேல் வழக்கும் வரும். வீட்டைக் கொடுத்தாச்சு, கணக்குத் தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். ஜாமீன் கையெழுத்துப் போட்ட சித்தப்பாவையும் தேடி வருவார்கள்.)

வீட்டிலேயே எப்படியாவது இருந்தாக வேண்டும் என்பவர்களுக்கு என்ன வழி? நோட்டீசுக்குப் பதில் எழுதுங்கள். கணக்கில் தப்பு இருந்தால், கட்டிய தவணை வரவு வைக்கப்படாமல் இருந்தால், எல்லாவற்றையும் எழுதுங்கள். வங்கி 15 நாளில் காரணம் சொல்லிப் பதில் தர வேண்டும். கடன் பெரும்பாலும் அடைந்து, மீதி அசலும் வட்டியும் சேர்ந்ததில் 20 சதவீதத்துக்கும் கீழே இருந்தால் இந்தச் சட்டமே பொருந்தாது. இது தெரியாமல் வீட்டை இழக்கத் தயாராகிறவர்கள் இருக்கக்கூடாது. உடைமை எடுத்த பிறகு 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். சென்னையில் மூன்று, கோவையிலும் மதுரையிலும் ஒவ்வொன்று. சாதாரண சிவில் கோர்ட்டுக்குப் போனால் வேலைக்கு ஆகாது, அந்த வழியைச் சட்டமே அடைத்திருக்கிறது. ஆரம்பத்தில் தீர்ப்பாயத்துக்குப் போகவே கேட்ட தொகையில் 75 சதவீதத்தைக் கட்ட வேண்டும் என்று வைத்திருந்தார்கள். 75 சதவீதம் கையில் இருந்தால் அவன் ஏன் அங்கே போகிறான்? 2004-இல் மார்டியா கெமிக்கல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஒரு ரசாயனக் கம்பெனி போட்ட வழக்கின் பலன் இன்று பல்லாவரத்தில் இரண்டு பெட்ரூம் பிளாட் வைத்திருப்பவருக்கும் கிடைக்கிறது.

ஒன் டைம் செட்டில்மெண்ட் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் அதை உரிமையாகக் கேட்க முடியாது என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கொடுத்தால் உண்டு.

நம் சினிமாவில் ஏலம் ஒரு தரம், ரெண்டு தரம் என்று சொல்லும்போது ஹீரோ பெட்டியோடு ஓடிவருவார் இல்லையா? அந்தக் காட்சிக்கு ஒரு காலத்தில் சட்டத்தில் இடம் இருந்தது. விற்பனை நடக்கும்வரை பணத்தைக் கட்டி மீட்கலாம். 2016-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஏல அறிவிப்பு வெளியானதோடு மீட்கும் உரிமை முடிந்தது என்று 2023-இல் பாஃப்னா மோட்டார்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இனி ஹீரோ ஒரு மாதம் முன்னாலேயே ஓடிவர வேண்டும்.

இப்போது என் சண்டைக்கு வருகிறேன். வங்கிகளை வில்லனாக்குவது என் நோக்கம் இல்லை. அங்கே இருப்பது நம் அப்பா அம்மா போட்ட டெபாசிட்தான், வாராமல் போனால் நமக்கும் நஷ்டம். ஆனால் கடனில் மூழ்கிய ஒரு கம்பெனிக்கும் கடனில் மூழ்கிய ஒரு குடும்பத்துக்கும் சட்டம் வேறு வேறு முகம் காட்டுகிறது. 2016-இல் திவால் சட்டம் வந்தது. கம்பெனி அதற்குள் போன நாளிலிருந்து யாரும் அதன் சொத்தைத் தொட முடியாது, சர்ஃபாசியும் நிற்கும். இதுவரை தீர்வு கண்ட கம்பெனிகளில் கடன் கொடுத்தவர்களுக்குத் திரும்ப வந்தது மொத்தக் கோரிக்கையில் சுமாராக மூன்றில் ஒரு பங்குதான். மீதியை 'ஹேர்கட்' என்று கௌரவமாகச் சொல்கிறார்கள். அதே சட்டத்தின் மூன்றாம் பகுதி தனிமனிதர்களுக்கானது. விண்ணப்பம் போட்ட நாள் முதல் கடன் நடவடிக்கைகள் நிற்கும், ஏற்கப்பட்டால் 180 நாள் வரை அவகாசம், அதற்குள் ஒரு திருப்பிச் செலுத்தும் திட்டம்... எல்லாம் அச்சாகிப் புத்தகத்தில் இருக்கிறது. 2019 டிசம்பரில் அதை அமலுக்குக் கொண்டுவந்தார்கள், யாருக்கு? கம்பெனிக் கடனுக்குத் தனிப்பட்ட முறையில் ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும், அதாவது பெரும்பாலும் முதலாளிகளுக்கு. மாதச் சம்பளக்காரருக்கு இன்னும் 1920-ஆம் வருஷத்து மஞ்சள் கடுதாசிதான்.

அமெரிக்காவைப் பாருங்கள் என்று சொல்வது வழக்கமாக எனக்குப் பிடிக்காது, இருந்தாலும் இதில் பார்க்கலாம். அங்கே திவால் சட்டத்தின் 13-ஆவது அத்தியாயத்தில் மனுப் போட்டால் பொதுவாக ஏலம் அன்றே நிற்கும். பழைய பாக்கியை 3 முதல் 5 வருஷத்துக்குப் பிரித்துக் கட்டிக்கொண்டு, நடப்புத் தவணையையும் கட்டி வந்தால் வீடு தங்கும். அது சொர்க்கமும் இல்லை. குடியிருக்கும் வீட்டின் மேலுள்ள அடமானக் கடனைக் குறைக்க அங்கே நீதிபதிக்கு அதிகாரம் கிடையாது, ஆனால் லீவுக்குப் போய்த் தங்குகிற இரண்டாவது வீட்டின் கடனைக் குறைக்க முடியும்! 2008 நெருக்கடிக்குப் பிறகு இதை மாற்ற ஒரு மசோதா வந்து கீழவையில் 2009 மார்ச்சில் தேறியது, ஏப்ரலில் செனட்டில் தோற்றது. ஆனாலும் வேலை போன ஒருவர் வேலை கிடைத்த பிறகு பழைய பாக்கியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி வீட்டை வைத்துக்கொள்ள அங்கே ஒரு வழி சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. இங்கே அது மேனேஜரின் மனசில் இருக்கிறது.

"இப்படிச் சலுகை கொடுத்தா எல்லாரும் கட்டாம ஏமாத்துவாங்க" என்று என் நண்பர்களே சொல்கிறார்கள். 2020 மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை ஆறு மாதம் தவணையைத் தள்ளிவைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி நாட்டுக்கே சொன்னது. வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது, தள்ளுபடி இல்லை. நாடு முழுக்க அப்படி நிறுத்தி வைத்தும் வங்கிகள் கவிழவில்லை, ஜனங்கள் மறுபடி கட்ட ஆரம்பித்தார்கள். குடியிருக்கிற ஒரே வீட்டை வைத்துச் சூதாடுகிற குடும்பஸ்தன் எத்தனை பேர்?

மூன்றாம் பகுதியை எல்லோருக்கும் திறந்துவிட்டால் மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். அதில் ஏழைகளுக்கென்று 'புதுத் தொடக்கம்' என்று ஓர் அத்தியாயம் இருக்கிறது. 80-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள்: வருஷ வருமானம் 60,000 ரூபாய்க்கு மேல் இருக்கக்கூடாது, சொத்து 20,000-க்கு மேல் இருக்கக்கூடாது, கடன் 35,000-ஐத் தாண்டக்கூடாது. கூடவே இன்னொரு நிபந்தனை, சொந்தமாகக் குடியிருப்பு இருக்கக்கூடாது, அது அடமானத்தில் இருந்தாலும் சரி. மாதம் 5,000 சம்பாதிப்பவருக்கு எந்த வங்கி வீட்டுக் கடன் கொடுத்திருக்கும்? அந்தத் தொகைகளை ஏற்றுவதும், குடியிருக்கும் ஒரே வீட்டுக்குத் தவணைப் பாக்கியை ஐந்து வருஷத்தில் பிரித்துக் கட்ட உத்தரவிடும் அதிகாரத்தைக் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குக் கொடுப்பதும் நாடாளுமன்றத்தில் ஒரு திருத்தத்தில் முடிகிற வேலை.